சினைப்பையில் தங்கிய கரு: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி வட்டாரத்தில் மகப்பேறு மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும், படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும், பழங்குடி ஊர்களிலிருந்தும் வரும் பெண்களும், அவர்களை அழைத்து வரும் கணவன்மாரும், மாமியார்களும், கிராம சுகாதார செவிலியர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். கருக்குழாயில் கரு தங்கும் குழாய்க் கர்ப்பத்தைப் பற்றிப் பலருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. சினைப்பையிலேயே கரு ஒட்டிக்கொள்ளும் நிலை அரிது என்பதால், அது வேறொன்றாக எண்ணப்பட்டு நேரம் கடந்துவிடுகிறது. மலைமேல் இருப்பவர்களுக்கு அந்த நேரம் இன்னும் குறைவு.

சினைப்பைக் கர்ப்பம் என்றால் என்ன? எத்தனை பேருக்கு வரும்?

கருப்பையின் உள்ளறையில் ஒட்டி வளர வேண்டிய கரு வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்வதை இடம் மாறிய கர்ப்பம் என்கிறோம். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி அமைகின்றன. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில் தங்குபவை. மாதந்தோறும் முட்டையை வெளியிடும் சினைப்பையிலேயே தங்குபவை, இடம் மாறிய கர்ப்பங்கள் நூறில் ஏறத்தாழ மூன்றுக்கு மேல் போவதில்லை. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இதைப் பார்ப்பார். நான் பார்த்தவை நான்கு.

சினைப்பைக்கு ரத்த ஓட்டம் மிகுதி. கருப்பையைப் போல விரிந்து கொடுக்கும் தசைச் சுவர் அதற்கு இல்லை. நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் திசு ரத்தக்குழாய்களை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும்போது, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே அந்த இடம் உடைந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசியவோ கொட்டவோ தொடங்குகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தமும் தெரியாமல் இது நடக்கலாம்.

கூடை சுமந்ததாலா, மேடு பள்ளம் ஏறி இறங்கியதாலா, பப்பாளி சாப்பிட்டதாலா இப்படி ஆயிற்று?

இவற்றில் எதுவும் காரணமில்லை. இலை பறித்ததோ, விறகு சுமந்ததோ, குளிரோ, ஊட்டியின் உயரமோ கருவை இடம் மாற்றிவிடாது. "அன்றைக்கே வேலைக்குப் போகாதே என்று சொன்னேன்" என்று பெண்ணைக் குற்றஞ்சாட்டும் பேச்சை வார்டில் கேட்கும்போதெல்லாம் நான் உடனே மறுத்துவிடுவது வழக்கம்; படுத்திருப்பவளுக்கு ரத்தம் ஏற்றுவதைப் போலவே அந்த மறுப்பும் அப்போது தேவைப்படுகிறது.

கரு அங்கே எப்படிச் சேர்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. முட்டை சினைப்பையை விட்டு வெளியேறாமல் தன் பையிலேயே தங்கி, அங்கேயே விந்தணுவுடன் சேர்ந்திருக்கலாம். அல்லது குழாயில் கருவுற்ற முட்டை பின்னோக்கி வந்து சினைப்பையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கலாம். குழாய்க் கர்ப்பத்துக்குப் பழைய தொற்று, குழாயில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவை முக்கிய காரணங்கள். சினைப்பைக் கர்ப்பத்தில் அந்த வரலாறு பெரும்பாலும் இருப்பதில்லை. கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், சோதனைக் குழாய் முறைச் சிகிச்சை, காப்பர் டி ஆகியவற்றோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது. பல பெண்களுக்கு எந்தக் காரணமும் புலப்படுவதில்லை.

காப்பர் டி போட்டிருக்கிறேன். அதை எடுத்துவிட வேண்டுமா?

எடுக்க வேண்டாம். காப்பர் டி கருப்பைக்குள் கரு தங்குவதை மிக நன்றாகத் தடுக்கிறது. குழாயில் தங்குவதையும் பெருமளவு குறைக்கிறது. சினைப்பையில் தங்குவதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அதனால் காப்பர் டி இருந்தும் கருவுற்ற மிகச் சிலரை எடுத்துப் பார்த்தால், அவர்களிடையே சினைப்பைக் கர்ப்பத்தின் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. எந்தக் கருத்தடையும் செய்யாத பெண்ணோடு ஒப்பிட்டால், காப்பர் டி போட்டவருக்கு இடம் மாறிய கர்ப்பம் வரும் வாய்ப்பு மொத்தத்தில் குறைவுதான்.

நினைவில் வைக்க வேண்டியது வேறு. காப்பர் டி உள்ளே இருக்கும்போதும், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்த பிறகும் நாள் தள்ளிப்போனால், "எனக்குத்தான் வாய்ப்பே இல்லையே" என்று இருந்துவிடாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால், கரு கருப்பையில் இருப்பது ஸ்கேனில் தெரியும்வரை அது இடம் மாறியதாக இருக்கலாம் என்றே கருதி நடக்க வேண்டும்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் ஐயப்பட வேண்டும்?

நாள் தள்ளிப்போனது, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, சிறிதளவு கருஞ்சிவப்பாகப் படும் ரத்தம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. சினைப்பைக் கர்ப்பத்தில் வலி மட்டுமே மேலோங்கி நிற்பதும், படும் ரத்தத்தை வழக்கமான மாதவிலக்கு என்றே பெண் எண்ணிக்கொள்வதும் உண்டு.

வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்த பின் வரும் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோள்பட்டை நுனியில் தெரியும். நாள் முழுவதும் இலைக்கூடையின் பட்டை அழுத்தும் தோள் என்பதால், இங்குள்ள பெண்கள் அதைக் கூடை வலி என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். கூடை வலி படுத்தால் தணியும். ரத்தத்தால் வரும் தோள்வலியோ படுத்தால் கூடும், மூச்சை இழுத்தால் குத்தும். ரத்தம் இடுப்புக் குழியில் தேங்கினால் மலம் கழிக்க வேண்டும் போன்ற உந்துதல் வரும். கழிவறைக்குப் போய் எழுந்திருக்கும்போது கண் இருட்டும். இதை வாய்வு என்றோ சூட்டுவலி என்றோ சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து இரவைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் "சினைப்பையில் ரத்தக்கட்டி, உடைந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். அது கர்ப்பமாக இருக்க முடியுமா?

முடியும். சினைப்பைக் கர்ப்பத்தைக் கண்டறிவதில் உள்ள முழுச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முட்டை வெளியேறிய இடத்தில் ஒவ்வொரு மாதமும் கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உருவாகிறது. கர்ப்பம் தரித்தால் அது சில வாரங்கள் தங்கி, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கும். அது இயற்கையான கட்டி; ஆனால் அதற்குள் ரத்தம் கட்டிக்கொண்டாலோ அது உடைந்தாலோ, வலியும் வயிற்றில் ரத்தமும் சினைப்பைக் கர்ப்பம் உடைந்தது போலவே இருக்கும். ஸ்கேனிலும் இரண்டும் சினைப்பையில் வட்டமாகத் தெரியும். டாப்ளர் போட்டால் இரண்டையும் சுற்றி ரத்த ஓட்டம் நெருப்பு வளையம் போல ஒளிரும். அந்த வளையத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது.

யோனி வழியாகச் செய்யும் ஸ்கேன் இதற்கு மிகவும் உதவுகிறது. சினைப்பைத் திசுவைவிட வெண்மையான தடித்த வளையம், அதன் நடுவில் கருமையான சிறு பள்ளம் என்று தெரிந்தால் அது கருவைச் சுற்றி உருவாகும் பை என்ற ஐயம் வலுக்கிறது. கார்பஸ் லூட்டியத்தின் சுவர் பொதுவாக அவ்வளவு வெண்மையாக இருப்பதில்லை. பிறகு ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். குழாயில் உள்ள கட்டி சினைப்பையை விட்டு விலகி நழுவும். சினைப்பையில் உள்ளது அதனோடு சேர்ந்தே அசையும். வளையத்துக்குள் மஞ்சள்கருவைக் கொண்ட சிறு பையோ இதயத் துடிப்போ தெரிந்துவிட்டால் ஐயமே இல்லை. அப்படித் தெரிவது அரிது. வயிற்றின் மேலிருந்து மட்டும் ஸ்கேன் செய்து, "கருப்பையில் ஒன்றும் இல்லை, சினைப்பையில் கட்டி இருக்கிறது" என்று எழுதிய அறிக்கையோடு வீடு திரும்புவது பாதி வழியில் நின்றுவிடுவதாகும்.

என் நினைவை விட்டு அகலாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தாய், இலை பறிப்பவர். வலி என்று ஓரிடத்துக்குப் போனதும், அங்கே நீர்க்கட்டி உடைந்ததாகச் சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யவில்லை. மாதவிலக்கு வந்து பத்து நாள்தான் ஆயிற்று என்று அவரே சொன்னதால், யாருக்கும் அது தோன்றவில்லை. மறுநாள் மாலை எங்களிடம் வந்தபோது உதடு வெளுத்திருந்தது, நாடி 120-ஐத் தாண்டியிருந்தது. "டாக்டரம்மா, வாய்வுக்கு ஏதாவது மருந்து மட்டும் கொடுங்க, காலையில வேலைக்குப் பேர் போட்டிருக்காங்க" என்றுதான் அவர் கேட்டார். சிறுநீர் அட்டையில் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. பத்து நாளுக்கு முன் பட்டது மாதவிலக்கே அல்ல.

அதிலிருந்து, குழந்தை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணும் வயிற்று வலி என்று வந்தால், திருமணம் ஆனவரா, ஆபரேஷன் செய்தவரா, மாதவிலக்கு முடிந்தவரா என்று எதையும் பாராமல் முதலில் அந்த அட்டையில் சொட்டு விடச் சொல்கிறேன். நிஷ்சய் என்ற பெயரில் அரசு வழங்கும் அட்டை கிராம சுகாதார செவிலியரிடமே கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை எதற்காக இரண்டு முறை எடுக்கிறார்கள்?

ஹெச்.சி.ஜி. என்பது கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன். ஒருமுறை எடுத்த அதன் அளவு, கர்ப்பம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. கருப்பைக்குள் நலமாக வளரும் கர்ப்பத்தில், முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், 48 மணி நேரத்தில் குறைந்தது ஏறத்தாழப் பாதியளவாவது அது கூடியிருக்க வேண்டும். அதைவிட மெதுவாக ஏறினாலோ, ஏறாமல் அப்படியே நின்றாலோ, கர்ப்பம் சரியான இடத்தில் இல்லை அல்லது நிலைக்கப் போவதில்லை என்ற ஐயம் வலுக்கிறது. அளவு 3,500-ஐத் தாண்டிய பிறகும் யோனி வழி ஸ்கேனில் கருப்பைக்குள் பை தெரியவில்லை என்றால், இடம் மாறிய கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

ஒரு எச்சரிக்கை. இடம் மாறிய கர்ப்பங்களில் சிலவற்றில் அளவு இயல்பாகவே ஏறும்; மிகக் குறைந்த அளவிலேயே உடைந்தவையும் உண்டு. வலியும் தலைசுற்றலும் இருக்கும் பெண்ணை, இரண்டாவது ரத்தம் எடுக்க 48 மணி நேரம் கழித்து வரச் சொல்லி மலைப்பாதையில் திருப்பி அனுப்புவதற்கு இந்தப் பரிசோதனை காரணமாகிவிடக் கூடாது.

நாள் தள்ளிப்போனதும் மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். ரத்தம் போய்விட்டது. இனி அச்சமில்லை அல்லவா?

ஸ்கேன் செய்யாமல் சாப்பிட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகிய மாத்திரைகள் கருப்பைக்குள் இருக்கும் கர்ப்பத்தைத்தான் வெளியேற்றும். சினைப்பையிலோ குழாயிலோ உள்ளதை அவை அகற்றாது. இருந்தும் கருப்பையின் உள்சுவர் உரிந்து ரத்தம் வரும், சில சமயம் சதைத்துண்டு போலவும் விழும். அதைப் பார்த்துக் கலைந்துவிட்டது என்று பெண் நிம்மதி அடைந்திருக்கும் வேளையில், கரு வேறிடத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் பின் வரும் வலியையும் மாத்திரையின் வலி என்றே எடுத்துக்கொள்வதால், இவர்கள்தான் எங்களிடம் மிகவும் தாமதமாக வருகிறார்கள். மாத்திரை சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்ற அச்சத்தில் மறைக்கப்படும் அந்த ஒரு செய்தி, எங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடியது.

சினைப்பைக் கர்ப்பம்தான் என்று முடிவாக எப்போது தெரியும்?

பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்போதும், அதற்குப் பிறகு திசுப் பரிசோதனையிலும்தான். 1878-ஆம் ஆண்டு ஜெர்மன் மருத்துவர் ஓட்டோ ஸ்பீகல்பெர்க் வகுத்த நான்கு நிபந்தனைகளை இன்றும் பின்பற்றுகிறோம்: அந்தப் பக்கத்துக் கருக்குழாய் பழுதில்லாமல் இருக்க வேண்டும், கருவைச் சுற்றியுள்ள பை சினைப்பையின் இடத்தில் அமைந்திருக்க வேண்டும், சினைப்பையின் தசைநார் வழியாக அது கருப்பையோடு இணைந்திருக்க வேண்டும், பையின் சுவரில் சினைப்பைத் திசு நுண்ணோக்கியில் தெரிய வேண்டும்.

முன்பு சொன்ன பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தபோது ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தமும் கட்டிகளும் இருந்தன. அவற்றை அகற்றிவிட்டு இரண்டு குழாய்களையும் நுனிவரை விரலால் நீவிப் பார்த்தேன். இரண்டும் இளஞ்சிவப்பாக, வீக்கமின்றி முழுமையாக இருந்தன. வலது சினைப்பையின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் கருநீலமாக ஒரு புடைப்பு. அதன் உச்சியில் இருந்த கிழிசலிலிருந்து ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தால் அது உடைந்த கார்பஸ் லூட்டியம் என்றே யாரும் சொல்வார்கள். ஆப்பு வடிவில் அதை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்தோம். வெட்டிய துண்டை ஃபார்மலின் புட்டியில் போட்டு, மலைக்குக் கீழே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நஞ்சுக்கொடியாக வளரவிருந்த விரல் போன்ற நுண்திசுக்கள் சினைப்பைத் திசுவுக்குள் பதிந்திருப்பதாக அறிக்கை வந்தது.

அந்தப் புட்டியைக் கீழே அனுப்பும் வேலை குடும்பத்தாரின் கைக்கு வருவதுண்டு. தயவுசெய்து அதை அலட்சியமாக எண்ணாதீர்கள். அறிக்கையைத் திரும்பப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தின்போது அதைத்தான் முதலில் கேட்போம்.

சினைப்பையை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. கரு பதிந்த பகுதியை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பதோ, கட்டியைத் தோண்டி எடுத்து ரத்தக் கசிவை நிறுத்துவதோதான் இன்றைய முறை. எஞ்சிய சினைப்பை தொடர்ந்து வேலை செய்யும். ரத்தப்போக்கை வேறு வழியில் நிறுத்த முடியாதபோதும், சினைப்பை முழுவதும் சிதைந்துவிட்டபோதும்தான் முழுமையாக அகற்றுகிறோம். அப்போதும் மறுபக்கத்துச் சினைப்பை ஒன்றே மாதவிலக்குக்கும் கருத்தரிப்புக்கும் போதும்.

நிலைமை சீராக இருக்கும் பெண்ணுக்கு, லேப்ராஸ்கோபி என்னும் துளைவழி அறுவை சிகிச்சையே சிறந்தது. வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். ரத்த அழுத்தம் வீழ்ந்த நிலையில் வருபவருக்கு, அந்தக் குழுவால் எது மிக விரைவாகச் செய்ய முடியுமோ அதுவே சிறந்தது. பல நேரங்களில் அது வயிற்றைத் திறந்து செய்வதாகத்தான் இருக்கும். தழும்பு பெரிதாகிவிட்டதே என்று பிறகு வருந்துபவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான்.

அறுவை சிகிச்சை இல்லாமல் ஊசி மருந்தாலேயே கரைக்க முடியாதா?

மெத்தோட்ரெக்சேட் என்னும் ஊசி மருந்து, வேகமாகப் பிரியும் செல்களின் வளர்ச்சியை நிறுத்துகிறது. உடையாத குழாய்க் கர்ப்பத்தில் அது நன்கு பயன்படுகிறது. உடல் மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் தசையில் போட்டு, 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் ஹெச்.சி.ஜி. அளவைப் பார்ப்போம், அந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 விழுக்காடு இறங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு வாரந்தோறும், அளவு முற்றிலும் மறையும் வரை பரிசோதனை தொடரும்.

சினைப்பைக் கர்ப்பத்தில் இதற்கு இடம் குறைவு. உறுதியாகத் தெரிவதற்கே பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. தெரியும்போது பல கர்ப்பங்கள் ஏற்கெனவே உடைந்திருக்கின்றன. வலியில்லாமல், வயிற்றில் ரத்தமில்லாமல், இதயத் துடிப்பு இல்லாத சிறிய கர்ப்பம் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்த பெண்ணுக்கு முயன்று பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் எஞ்சிய திசுவால் அளவு இறங்காமல் நின்றாலும் இது கைகொடுக்கும்.

இங்கே மருத்துவ நூல்கள் தனியாகச் சொல்லாத ஒரு நிபந்தனையை நான் சேர்த்துக்கொள்கிறேன். ஊசி போட்ட பிறகும் கர்ப்பம் உடையலாம். அப்படி உடைந்தால் எவ்வளவு நேரத்தில் இந்தப் பெண் அறுவை அரங்குக்கு வந்து சேர்வாள் என்று கேட்கிறேன். கோத்தகிரிக் கடைவீதிக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஒரு விடை; ஜீப் ஏறும் இடத்துக்கே அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர் என்றால் வேறு விடை. தொலைவில் இருப்பவர் ஊசி போட்டுக்கொள்வதானால், அளவு நன்றாக இறங்கும்வரை மருத்துவமனையிலோ அருகிலுள்ள உறவினர் வீட்டிலோ தங்க வேண்டும். அது முடியாதென்றால் அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கிறேன். எளிய சிகிச்சையை ஏழைகளுக்கு மறுக்கிறீர்களா என்று ஒருவர் கோபப்பட்டுக் கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஊருக்குச் சாலை இல்லாததற்கான விலையை அந்தப் பெண் தன் உடம்பில் செலுத்துகிறாள் என்பது உண்மைதான்.

ஊசி போட்டவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், ஏனெனில் அது மருந்தின் வேலையை முறித்துவிடும். செவிலியர் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. மது, வலிக்குத் தாமே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்கும், கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவருக்கும், ரத்தசோகை மிகுந்தவருக்கும் இந்த ஊசி கூடாது.

இரவில் வலி வந்தால் விடியும்வரை பொறுக்கலாமா? எங்கே போவது?

சிறுநீரில் இரண்டு கோடு விழுந்திருந்து, கருப்பைக்குள் கரு இருப்பது இன்னும் ஸ்கேனில் தெரியாத நிலையில் வலி வந்தால், பொறுக்கக் கூடாது. இளம் பெண்ணின் உடல் ரத்த இழப்பை நெடுநேரம் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உடலில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லிட்டர் அளவு போகும்வரை ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கலாம், பிறகு ஒரேயடியாகச் சரியும். ஆகவே செவிலியர்கள் அழுத்தத்தை மட்டும் பார்த்து அமைதி அடைய வேண்டாம். நிமிடத்துக்கு நாடித் துடிப்பின் எண்ணிக்கை, மேல் ரத்த அழுத்தத்தின் எண்ணை நெருங்கினாலே ஆபத்து. தாண்டிவிட்டால், ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் அறுவை அரங்கும் ரத்தமும் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

108-ஐ அழைக்கும்போது "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாமல், "கர்ப்பம், உள்ளே ரத்தம் போகிறதோ என்ற ஐயம்" என்று சொல்லுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கீழே கோவையோ என்பதை நிலைமையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பந்தலூர்ப் பக்கத்தினர் சுல்தான் பத்தேரிக்குப் போவது அருகாக இருந்தால், மாநில எல்லையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திருப்பப்படும். மே மாதச் சீசனில் மலைப்பாதை ஊர்ந்துதான் நகரும். புறப்படுமுன் சேரும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, ரத்தப் பிரிவையும் தெரிவித்துவிட்டால், வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே ரத்தம் தயாராகும். வழியில் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். கம்பளியால் நன்றாகப் போர்த்திவிடுங்கள், ஏனென்றால் உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை குறைகிறது.

அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, இருளர், குறும்பர், பணியர் உள்ளிட்டோரிடம், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் இந்தப் பரம்பரை நோய் காணப்படுகிறது. நோய் முற்றும் நேரத்தில் வரும் கடும் வயிற்றுவலி வழக்கமானது என்பதால், கர்ப்பத்தால் வந்த வலியையும் அதுவாகவே எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த நோய்க்கான அட்டை கையில் இருந்தால் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள். குளிர், நீர்ச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும் இவர்களுக்குத் தீங்கு. அறுவை அரங்கில் அதற்கேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். இவர்களில் பலர் தினமும் ஃபோலிக் அமிலம் சாப்பிடுபவர்கள் என்பதாலும், ரத்தசோகை இருப்பதாலும், மெத்தோட்ரெக்சேட் ஊசி பொதுவாக இவர்களுக்குப் பொருந்தாது.

என் ரத்தப் பிரிவு நெகட்டிவ். வேறு ஊசி ஏதாவது போட வேண்டுமா?

ரத்தப்போக்கோ அறுவை சிகிச்சையோ நேர்ந்த 72 மணி நேரத்துக்குள், அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கும் எதிர்ப்புப் பொருள் தாயின் ரத்தத்தில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டிக் கேளுங்கள். அவசரத்தில் விடுபட்டுப் போவது பெரும்பாலும் இதுதான்.

கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைக்க முடியாதா?

முடியாது. அதற்கான வழி மருத்துவத்தில் இல்லை.

எப்போது வேலைக்குப் போகலாம்? மறுபடி கருத்தரிக்க முடியுமா?

துளைவழி அறுவை சிகிச்சை என்றால் இரண்டு மூன்று வாரங்களும், வயிற்றைத் திறந்து செய்ததென்றால் ஆறு வாரங்களும் கூடையோ தண்ணீர்க் குடமோ தூக்கக் கூடாது. எஸ்டேட் வேலைப் பட்டியலில் பேர் விட்டுப்போகும் என்ற அச்சத்தில் பத்தாம் நாளே மலைக்குப் போகிறவர்கள் இருப்பதால், மருத்துவச் சான்றிதழை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹெச்.சி.ஜி. முற்றிலும் மறையும்வரை வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.

கர்ப்பத்தைப் பிக்மி என்னும் அரசின் கர்ப்பப் பதிவுத் தளத்தில் பதிந்திருந்தால், செவிலியரிடம் சொல்லி அதில் மாற்றச் செய்யுங்கள். அப்படிச் செய்யாமல் விட்ட ஒரு பெண்ணை, ஏழாவது மாதத்தில் தொலைபேசியில் அழைத்து, குழந்தை அசைகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாக வாய்விட்டு அழுததாக அவருடைய மாமியார் என்னிடம் சொன்னார். ஆறு வாரக் கருவாக இருந்தாலும் அது இழப்புதான். வீட்டில் அதைப் பற்றிப் பேச இடம் கொடுங்கள்.

பெரும்பாலான பெண்கள் மீண்டும் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். சினைப்பையிலேயே மறுபடி கரு தங்குவது மிக அரிது. நான் பார்த்த நால்வரில் இருவர் பிறகு குழந்தை பெற்றார்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, ஐந்தாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் யோனி வழி ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருங்கள். வரும்போது அதையும் எடுத்து வாருங்கள்.